கம்பளி எண்ணியவள்

இந்தக் கதையில் நான் பெயர் சொல்லி அழைக்கிறவர்கள் எல்லாரும் இன்னும் உயிரோடு இருப்பவர்கள். போய்விட்டவர்களின் பெயரை எங்கள் பூர்வகுடி ஜனம் வாயில் எடுப்பதில்லை. கூப்பிட்டால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், போகிற வழி தடைப்படும். அதனால் என் அக்காவை அக்கா என்றும், அண்ணனை அண்ணன் என்றும், அந்தப் பையனைப் பையன் என்றும்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. ஆட்கள் கொஞ்சம்தான், குழம்ப மாட்டீர்கள்.

டெல்ஃபின் உயிரோடு இருக்கிறாள். இது அவள் கதை.

அவள் எங்கள் பெரியக்காவின் மகள். அவள் தவழும் வயதிலேயே பெரியக்கா போய்விட்டாள். எனக்கும் பெரியக்காவுக்கும் நடுவில் பிறந்தவள் (இனி நான் அக்கா என்று சொல்வது இவளைத்தான்) குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வால்டர்ஸ் ஊருக்கு வெளியே கேஷ் ஓடைக்கரையில் இருந்த தன் வீட்டுக்குப் போனாள். பிறகு அவளுக்கு ட்ரூடி பிறந்தாள். ரொம்ப நாள் கழித்து, இனி இல்லை என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, பையன் பிறந்தான். அம்மாவின் தங்கையும் எங்களுக்கு அம்மாதான். டெல்ஃபின் அக்காவை அம்மா என்பாள், என்னைச் சித்தி என்பாள். பையனை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். "என்னைத் தூக்கித் தூக்கித்தான் எங்க அக்கா ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறா" என்று வளர்ந்த பிறகு அவனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவள் ராணுவத்தில் சேர்ந்தாள். எங்களில் அது அதிசயமில்லை. அப்பா பட்டாளத்துக்குப் போனார், அண்ணன் வியட்நாமுக்குப் போனார். பெண் போகிறாள் என்பதற்காக எங்கள் பெண்கள் குலவையைக் குறைத்துப் போடவில்லை. ஈராக்கில் ஒரு வருஷம் இருந்தாள். அப்புறம் இந்த நாட்டிலேயே, கிழக்குக் கடற்கரையில் ஒரு விமானத் தளத்தில். தொலைபேசியில் அக்கா கேட்பாள்: "என்னடி வேலை குடுத்திருக்காங்க?"

"சாமான் கிடங்கும்மா. கம்பளி எண்ணுறேன்."

"கம்பளி எண்ணவா அவ்ளோ தூரம் போன? இங்க நம்ம வீட்டுலயே கூடை கூடையா கிடக்கே!"

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். கடல் தாண்டி வருகிறதல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டோம். அவள் கிழக்குக் கடற்கரைக்கு வந்த பிறகும் அது தாமதமாகவேதான் வந்தது.

ராணுவத்தை விட்டு வந்தபோது கோடைகாலம். அக்கா வீட்டுக்கு முன்னால் வில்லோ மரக் கிளைகளை வெட்டிப் பந்தல் போட்டிருந்தோம். பையனைத்தான் கிளை வெட்ட அனுப்பினோம். பாதியை ஓடையில் விட்டு மிதக்கவிட்டு, பாதியைக் கொண்டுவந்தான். பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியவர்களின் சங்கமான போர்த் தாய்மார் சங்கத்துப் பெண்கள் வந்தார்கள். அக்கா தன் சிவப்பு நீலச் சால்வையின் முதுகில் டெல்ஃபினின் பெயரைத் துணி எழுத்தாக வெட்டித் தைத்திருந்தாள். முரசைச் சுற்றி உட்கார்ந்து அவளுக்கென்று கட்டிய பாட்டைப் பாடினார்கள். அவள் முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால் ஆடிக்கொண்டு போனோம். குலவை போட்டுப் போட்டு எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

பாட்டு முடிந்ததும் அண்ணன் இரும்புச் சட்டியில் கங்கு எடுத்துக்கொண்டு வந்தார். சண்டையிலிருந்து வருகிறவர்களைச் சீடார் மரத்து இலைப் புகையில் நிறுத்திக் கழுகு இறகு விசிறியால் துடைப்பது அவர் வேலை. அப்பா கையிலிருந்து அவர் கைக்கு வந்த விசிறி. அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. எதைத் துடைக்க வேண்டும் என்று வந்தவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குடும்பம் முழுக்க நிற்கும்போது சொல்ல வேண்டும். புகைக்கு முன்னால் பொய் கூடாது. சொல்லாததைப் புகை தூக்கிக்கொண்டு போகாது.

"சொல்லும்மா. என்ன பாத்த? எதைத் தொட்ட?"

டெல்ஃபின் எங்கள் எல்லாரையும் பார்த்தாள். ட்ரூடி அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். அவள் பெண் ஒலீட்டா, முகம் மட்டும் தெரியும்படி துணியில் சுற்றியபடி, ட்ரூடியின் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"துடைக்க ஒண்ணுமில்ல மாமா. நான் கம்பளிதானே எண்ணினேன்."

அவள் புகைக்குள்ளேயே வரவில்லை. சட்டிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டாள். அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கங்கின் மேல் மண்ணைப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் மனவருத்தம் வந்தது. சண்டையிலிருந்து திரும்பியவர்கள் கையில் கைக்குழந்தைகளைக் கொடுத்துத் தூக்கிக் காட்டச் சொல்வோம். உயிரோடு திரும்பியவர்களின் ஆயுசு பிள்ளைக்கும் ஒட்டட்டும் என்று. ட்ரூடி ஆசையாக ஒலீட்டாவை நீட்டினாள். டெல்ஃபின் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு ஜலதோஷம், ட்ரூடி."

"ஜூலை மாசத்துலயா?"

"வேணாம். இன்னொரு நாள்."

இன்னொரு நாள் வரவே இல்லை. ட்ரூடி தட்டில் இறைச்சியும் பொரித்த ரொட்டியும் போட்டுக் கொண்டுவந்தால், "கீழ வை, எடுத்துக்கறேன்" என்பாள். குழந்தை இருக்கிற அறைக்குள் வரமாட்டாள். கதவு நிலையில் சாய்ந்தபடியே பேசிவிட்டுப் போவாள்.

"பட்டாளத்துக்குப் போயிட்டு வந்தா நம்ம புள்ளைங்க அழுக்காத் தெரியுதுங்க போல" என்று ட்ரூடி என்னிடம் சொன்னாள். "உங்க பெரியக்கா பொண்ணுகிட்ட சொல்லுங்க, நான் குளிப்பாட்டித்தான் வெச்சிருக்கேன்னு."

பையன் மட்டும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவளைக் கண்டால் விறைப்பாக நின்று சலாம் வைப்பான். "கம்பளித் தளபதி வர்றாங்க! எல்லாரும் போர்வையை மடிச்சு வைங்க!" அவன் மோவாயில் ஒரு குழி. சிரிக்கும்போது அது ஆழமாகிவிடும். அவள் அவன் தலையில் குட்டப் போவதுபோலக் கையை ஓங்குவாள். கை பாதியிலேயே நின்றுவிடும். இதை நான் அப்போது பார்த்தேன். யோசிக்கவில்லை.

ஒலீட்டா நடை பழகிய வருஷம், பையன் ராணுவத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். சாப்பாட்டு மேஜையில், வாய் நிறைய ரொட்டியோடு சொன்னான். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்டா?"

"ஏன்னா என்ன? அக்கா போயிட்டு வரலையா? ஒரு கீறல்கூட இல்லாம வந்தா. நானும் போயி மிச்சம் இருக்கிற கம்பளியை எண்ணிட்டு வர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் கடைசியில் சிரித்துவிட்டாள். கதவு நிலையில் நின்றிருந்த டெல்ஃபின் சிரிக்கவில்லை. "வெளிய வா, உங்கிட்ட பேசணும்" என்றாள்.

அவன் ஒலீட்டாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனான். அந்தக் குழந்தையை இறக்கிவிடாமல் சுமந்து திரிந்தவன் அவன். அவர்கள் பேசியதை டெல்ஃபின் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வா."

"ஏன், இவ ஒட்டுக்கேட்டு ஊருக்குச் சொல்லிடுவாளா? இவளுக்கு மொத்தமே நாலு வார்த்தைதான் தெரியும். அதுல மூணு 'ரொட்டி'."

"விட்டுட்டு வான்னு சொல்றேன்ல."

"என்னக்கா, அழப் போறியா? தளபதிங்க அழலாமா?"

எங்களுக்குள் இரண்டு கட்டுப்பாடு உண்டு. சின்னக் குழந்தை காதுபடப் பிணத்தைப் பற்றிப் பேசக்கூடாது. சண்டைக்குப் போகிறவனிடமும் பேசக்கூடாது. பேசினால் அந்த நிழல் அவன் மேல் விழுந்து கூடவே போகும். குழந்தையை இறக்கிவிட வைக்கலாம். இரண்டாவதை என்ன செய்வது? அவன்தான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டானே. சொன்னால் அவனை நிறுத்தவும் முடியாது, நிழலும் விழும். சொல்லாவிட்டால் நிழலாவது விழாது.

"பத்திரமா இரு" என்றாள். அவ்வளவுதான்.

அவன் ஒலீட்டாவின் கையைப் பிடித்து அவளுக்கு டாட்டா காட்ட வைத்தான்.

அவன் போனதும் அக்கா மான்தோல் காலணி தைக்க ஆரம்பித்தாள். அவன் திரும்பி வந்து முரசைச் சுற்றி நடக்கும்போது போட்டுக்கொள்ள. குதிகாலில் நீளக் குஞ்சம் வைத்து, மேலே நீலமும் வெள்ளையுமாக மணி கோத்து. எங்கள் ஆண்கள் நடந்தால் அந்தக் குஞ்சம் பின்னால் தரையைத் தடவிக்கொண்டே வரும். ஒரு கால் முடிந்து, மறு கால் பாதி ஆகியிருந்தது. அன்றைக்கு நான் அக்கா வீட்டில் இருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. சீருடை போட்ட இரண்டு பேர் இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்கள்.

அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவர்கள் உள்ளே வந்து நின்றபோதும் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

"அம்மா..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"கொஞ்சம் உக்காருங்க" என்றாள் அக்கா. "இந்த வரிசை முடியட்டும்."

அவர்கள் உட்காரவில்லை, நின்றார்கள். அவள் நீலம், வெள்ளை, நீலம் என்று கோத்துக்கொண்டே இருந்தாள். வரிசை முடிந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பிறகு பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்து, எங்களில் துக்கத்துக்கு வெட்டுவதுபோலத் தன் பின்னலைக் கழுத்தோடு வெட்டி மேஜையில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்து, "இப்ப சொல்லுங்க" என்றாள்.

உடல் வந்துசேர நாளாயிற்று. அதற்குள் மறு காலையும் தைத்து முடித்தாள்.

பெட்டியை ஊரில் சவ அடக்கம் செய்கிறவரின் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர் நல்ல மனிதர், எங்கள் ஆட்கள் பலரை அடக்கம் செய்தவர். அன்றைக்கு மதியம் எங்களை முன்னறையில் உட்காரவைத்து, கைகளைப் பிசைந்துகொண்டு சொன்னார்: பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ராணுவம் எழுதி அனுப்பியிருக்கிறது. திறக்கக் கூடாது என்றில்லை. திறக்காமல் இருப்பது நல்லது.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. மடியில் காலணிகள் இரண்டும், கன்றுத்தோல் பையில் சிவப்புச் சாந்தும் இருந்தன. "வெறும் பெட்டியை நான் புதைக்க மாட்டேன். யாரை உள்ள வெச்சிருக்காங்களோ யாருக்குத் தெரியும்? என் பையன் முகத்துக்குச் சாந்து பூசாம, காலுக்கு ஒண்ணும் போடாம அனுப்புனா அங்க இருக்கிறவங்க அவனை யாருன்னு கேப்பாங்க. நம்ம ஆளுன்னு எப்படித் தெரியும்?"

"நீ உள்ள போகக்கூடாது" என்றார் அண்ணன். "நான் சொல்றேன். நீ போகக்கூடாது."

"அப்ப யார் போவா? நீ போறியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். வியட்நாமைப் பார்த்த மனிதர். எங்களுக்குப் பிணம் என்றால் பயம், கண்ணுகளா. அன்பில்லாமல் வரும் பயம் இல்லை.

"நான் போறேன்" என்றாள் டெல்ஃபின். கதவு நிலையில்தான் நின்றிருந்தாள், வழக்கம்போல.

ட்ரூடி திரும்பினாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. "நீயா? என் புள்ளையைத் தொடக் கூசுறவ, நீ செத்தவனைத் தொடப் போறியா? போ, போயி உன் கம்பளியை எண்ணு!"

"கம்பளிதான் எண்ணினேன்" என்றாள் டெல்ஃபின். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "அது பொய்யில்ல. ஒவ்வொரு கம்பளிக்குள்ளயும் ஒருத்தன் இருந்தான்."

அண்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அங்க பாலைவனத்துல செத்தவங்களை எங்ககிட்டதான் கொண்டுவருவாங்க. பையில இருக்கிறதை எடுத்து வைப்போம். பாதி தின்ன சூயிங் கம். ஒருத்தன் பையில புகைப்படச் சுருள் டப்பா ஒண்ணு, அதுக்குள்ள ஒரு பால் பல்லு. அப்புறம் இங்க வந்து, வீட்டுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களைச் சுத்தி, சீருடையை மேல வெச்சு ஊசி குத்துற வேலை. இந்தப் பெட்டிக்குள்ள எது எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்தக் கையால எத்தனை பேரைத் தொட்டேன்னு எனக்கே தெரியாது, ட்ரூடி. உம் புள்ளையைப் பாத்துக் கூசல. இந்தக் கைதான் கூசுச்சு."

ட்ரூடி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

டெல்ஃபின் அக்கா முன்னால் மண்டியிட்டாள். "சாந்தைக் குடும்மா. காலணியைக் குடு. கீழ வை, எடுத்துக்கறேன்."

தண்ணீர்ப் பாத்திரம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றாள். நான் எழுந்தேன். பெற்று வளர்த்த பிள்ளை எதுவும் எனக்கு இல்லை. என் மேல் நிழல் விழுந்தால் என்னோடு போகட்டும் என்று நினைத்தேன்.

அந்த அறை குளிராக இருந்தது. "சித்தி, சுவரைப் பாத்து நில்லுங்க. நான் சொல்ற வரைக்கும் திரும்பாதீங்க" என்றாள். நின்றேன். சுவரில் வெளிறிய பச்சை வண்ணம், ஒரு மூலையில் உரிந்திருந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கேட்டதுதான்.

மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

"நல்லா பண்ணியிருக்காங்க" என்றாள் மெதுவாக. "மடிப்பெல்லாம் சரியா இருக்கு. யாரோ பொறுமையாப் பண்ணியிருக்காங்க."

அவளோடு வேலை செய்த யாரோவாக இருக்கும். அவளே பழக்கிவிட்டவர்களாகக்கூட இருக்கும். அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சீருடையிலிருந்து ஊசிகளை எடுத்து ஒரு தட்டில் போட்டாள். ஒவ்வொன்றும் டிக் என்று விழுந்தது. கம்பளியைப் பிரிக்கிற சத்தம். துணி. இன்னொரு துணி. அவள் மூச்சு ஒரு இடத்தில் நின்றுபோனது. நான் பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"அவன்தானா?" என்று சுவரைக் கேட்டேன்.

"அவன்தான். இடது மணிக்கட்டுல முள்வேலி கிழிச்ச தழும்பு இருக்கு. நான்தான் அன்னைக்குக் கட்டுப் போட்டேன்."

"முகம்?"

"திரும்பாதீங்க சித்தி."

பிறகு அவள் அவன் பெயரைச் சொன்னாள். உயிரோடு இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற மாதிரி சொன்னாள். அந்தப் பெயரை யாரும் வாய்விட்டுச் சொன்னது அதுதான் கடைசி. "அக்கா வந்திருக்கேன்டா. அன்னைக்கு ஓடைக்கரையிலயே சொல்லியிருக்கணும். சொல்லல. சொல்லியிருந்தாலும் நீ போயிருப்ப, அது வேற. சிரிக்காம படு."

தண்ணீரில் கையை நனைக்க என் பக்கம் வந்தாள். அவள் விரல்கள் மட்டும் என் கண்ணில் பட்டன. சாந்தைக் கொழுப்போடு குழைத்தாள். பெட்டியிடம் போனாள்.

நான் என் அம்மாவுக்கும் பெரியக்காவுக்கும் சாந்து பூசியதைப் பார்த்தவள். தோலில் சாந்து பூசினால் சத்தமே வராது. கொழுப்பு வழுக்கிக்கொண்டு போகும். அன்றைக்கு எனக்குப் பின்னால் சரக், சரக் என்று சத்தம் வந்தது. துணியில் விரல் தேய்கிற சத்தம். அவள் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் பூசினாள், கன்னங்கள் இருக்க வேண்டிய இடத்தில் பூசினாள். மோவாய் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் நின்று, விரல் நுனியால் ஒரு பொட்டு அழுத்தினாள். அது சத்தமா, என் நினைப்பா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

காலணிகள் இரண்டையும் போட்டாள். குஞ்சத்தை நேராக இழுத்துவிட்டாள். கம்பளியைப் போர்த்தினாள். ஊசிகளைத் திரும்பக் குத்தினாள். மூடி விழுந்தது.

"வாங்க சித்தி."

வெளியே வெயில். ஓடைப் பக்கமிருந்து காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்தது. கட்டடத்துக்குப் பின்னால் அண்ணன் இரும்புச் சட்டியில் கங்கோடு தயாராக நின்றார். பிணத்தைத் தொட்டவர்களைப் புகையில் நிறுத்துவதற்கு முன்னால் யாரும் தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் எல்லாரும் விலகி வழிவிட்டார்கள். ட்ரூடி ஒலீட்டாவைத் தூக்கிக்கொண்டு தூரமாகப் போய் நின்றாள்.

அக்கா மட்டும் விலகவில்லை.

"முகத்தைப் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எப்படி இருந்தான்?"

"தூங்குற மாதிரி. கோவமா இல்ல."

"மோவாய்க் குழி?"

"இருந்துச்சும்மா. நல்லாத் தெரிஞ்சுது. அதுலயும் பூசினேன்."

டெல்ஃபின் கைகளைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். விரலெல்லாம் சிவப்பு. அக்கா நடந்து வந்தாள். "ஏய், கிட்ட போகாத!" என்று அண்ணன் கத்தினார். அக்கா காதில் வாங்கவில்லை. அந்த இரண்டு கைகளையும் பிடித்தாள். தன் இரண்டு கன்னங்களிலும் வைத்து அழுத்திக்கொண்டாள். வெட்டிய முடி காற்றில் பறந்தது. அவளுக்குத் தெரிந்தவரை அது அவள் மகனைக் கடைசியாகத் தொட்ட கை, அவன் முகத்தில் இருந்து நேராக வந்த கை. டெல்ஃபின் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

அண்ணன் நெருங்கி வந்தார். அழுதுகொண்டே வந்தார். "ரெண்டு பேரும் இங்க வந்து நில்லுங்க. தங்கச்சி, நீயும் வா" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். கங்கில் சீடார் இலையைப் போட்டார். புகை எழுந்தது. விசிறியை எடுத்து டெல்ஃபினைப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ சொல்லல, நான் கேக்காம விட்டுட்டேன். இன்னைக்கு எல்லாத்தையும் சொல்லிடும்மா. அங்க தொட்டவங்க, இங்க தொட்டவன், எல்லாம் சேத்துப் போகட்டும். உள்ள என்ன பாத்த? எதைத் தொட்ட?"

ட்ரூடி தூரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். அவள் எதற்காகக் காத்திருந்தாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. புகை முடிந்ததும் பிள்ளையை நீட்டுவதற்கு.

டெல்ஃபின் அந்தக் குழந்தையைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கன்னமெல்லாம் சிவப்போடு, இன்னொரு தடவை கேட்பதற்காக நின்றிருந்த அக்காவைப் பார்த்தாள்.

புகைக்கு முன்னால் பொய் சொல்லக்கூடாது. உண்மையைச் சொன்னால் அக்கா காதில் விழும்.

அவள் பின்னால் நகர்ந்தாள். "எனக்கு வேணாம் மாமா. அம்மாவுக்குப் போடுங்க. சித்திக்குப் போடுங்க."

"பைத்தியமா உனக்கு? இது போகாதும்மா. கூடவே இருக்கும்."

"இருக்கட்டும்."

தன் பழைய பிக்கப் வண்டி நிற்கிற பக்கம் நடந்துபோனாள். ட்ரூடி குழந்தையோடு நின்ற இடத்திலேயே நின்றாள். அண்ணன் கையில் விசிறி அப்படியே இருந்தது.

"விடு அண்ணா" என்றாள் அக்கா. "அவனை அவ கையிலயே வெச்சுக்கணும்னு நினைக்கிறா. துடைச்சா போயிடுவான்ல. பாவம், அவதானே வளத்தா."

எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. என் முறை வந்தபோது, "சுவரைப் பாத்தேன், தண்ணியைத் தொட்டேன்" என்று சொன்னேன். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு அக்கா வருஷக்கணக்கில் உயிரோடு இருந்தாள். மற்றத் தாய்மார் எல்லாம் மூடிய பெட்டியைப் புதைத்தார்கள், அவளுக்கு மட்டும் அப்படி இல்லை என்று ஒரு ஆறுதல். சங்கத்துப் பெண்களிடம் சொல்வாள்: "என் பொண்ணு அவன் முகத்துக்குச் சாந்து பூசினா. மோவாய்க் குழி அப்படியே இருந்துச்சாம்." அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்துகொள்ளும். அதை வைத்துக்கொண்டுதான் காலையில் எழுந்தாள்.

டெல்ஃபின் ஓடைக்கு அந்தக் கரையில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போனாள். அக்காவுக்கு விறகு வெட்டிப் போடுவாள், மருத்துவரிடம் கூட்டிப்போவாள், கூரை ஒழுகினால் ஏறி அடைப்பாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எவ்வளவோ பிள்ளை பெற்றார்கள். ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. தனக்கென்று ஒன்று பெற்றுக்கொள்ளவும் இல்லை. ட்ரூடி கோபப்படுவதை நிறுத்திவிட்டாள். தட்டைக் கொண்டுபோனால் தானாகவே கீழே வைத்துவிடுவாள்.

அண்ணன் மூன்று வருஷத்துக்கு முன்னால் போனார். அக்கா போன குளிர்காலத்தில் போனாள். அவள் முகத்துக்குச் சாந்து பூசியது நான். டெல்ஃபின் அறைக்கு வெளியே நின்று, எந்தப் பக்கம் எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் அவளைத் தேடிக்கொண்டு போனேன். வண்டியின் பின்பலகையை இறக்கி அதில் உட்கார்ந்திருந்தாள், கைகள் கோட்டுப் பைக்குள்.

"இனிமே சொல்லலாமேடி" என்றேன். "கேட்டு நோகுறவ போயிட்டா."

"யார்கிட்ட சித்தி? விசிறி பிடிச்சவரும் போயிட்டாரே."

"வேற ஆளா இல்ல? சீடார் எல்லா ஊர்லயும்தான் எரியுது."

"வேற யாரும் எனக்கு மாமா இல்லையே" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் தாமதமாகத்தான் வருகிறது.

அப்போது ஒலீட்டா பந்தலுக்குள்ளிருந்து வந்தாள். அவள் இப்போது என்னைவிட உயரம். கையில் ஒரு தட்டு, அதில் சோளமும் இறைச்சியும் போட்ட சூப், மேலே பொரித்த ரொட்டி. நேராக டெல்ஃபினிடம் வந்து நீட்டினாள்.

"பெரியம்மா, சாப்பிடுங்க."

"கீழ வை கண்ணு. எடுத்துக்கறேன்."

ஒலீட்டா தட்டோடு நின்றாள். பெரியம்மாவின் கோட்டுப் பைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேனா என்று என்னையும் பார்த்தாள். பிறகு தட்டைப் பலகையில் வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. தட்டுக்கு அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

டெல்ஃபின் பையிலிருந்து கையை எடுக்கவில்லை. சூப்பின் மேல் ஆவி அடங்கிக்கொண்டே வந்தது.